உள்ளூர் என்பது யார்?

'வாரியம்' நமக்குப் பழைய சொல். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது. 1971இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திலும் அதே சொல்தான். முன்னதற்குக் குடவோலை, பின்னதற்கு அரசாணை. கலிபோர்னியாவின் 'வாட்டர் டிஸ்ட்ரிக்ட்' இந்த இரண்டிலும் சேராது. அதை மாவட்டம் என்று பெயர்த்தால் கலெக்டர் ஞாபகம்தான் வரும். ஒரு எல்லையைக் கீறி, அதற்குள் தண்ணீருக்காக மட்டும் அமைக்கும் உள்ளாட்சி அது. அதற்கென்று தேர்தல் உண்டு. வரி போடலாம், கடன் பத்திரம் வெளியிடலாம், நிலம் கையகப்படுத்தலாம். "அரசும் வேணாம், கம்பெனியும் வேணாம், தண்ணியை உள்ளூர்க்காரங்க கையில கொடு" என்று கூட்டங்களில் நாம் பேசும்போது மனதில் இருக்கும் சித்திரம் ஏறத்தாழ இதுதான். அதனால் அதன் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1887இல் கலிபோர்னியாவில் ரைட் சட்டம் வந்தது. ஆற்றங்கரை நிலம் யாருடையதோ அவருக்கே தண்ணீர் உரிமை என்று முந்தைய ஆண்டு லக்ஸ் எதிர் ஹாகின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கரையை வளைத்துப் போட்டிருந்த பண்ணை முதலாளிகளுக்கு அது வசதி. ரைட் சட்டம் அதற்கு எதிரான அடி. வட்டாரத்து வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் பாசன டிஸ்ட்ரிக்ட் அமையும், அங்கே குடியிருக்கும் வாக்காளர் நிலம் இல்லாவிட்டாலும் வாக்களிக்கலாம் என்றது. "நிலமில்லாதவன் ஓட்டுப் போட்டு என் நிலத்துக்கு வரி போடுறதா?" இதுதான் நிலவுடைமையாளர்களின் ஆத்திரம். வழக்கு வாஷிங்டன்வரை போய், 1896இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. இதையும் ஜனநாயகத்தின் முழு வெற்றி என்று கொண்டாட முடியாது. பெண்களுக்கு அங்கே 1911வரை வாக்கில்லை. வயலில் உழைத்த சீனக் கூலிகளுக்குக் குடியுரிமையே மறுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் தண்ணீரை நிலத்தோடு கட்டிய முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது என்பது உண்மை.

1921இல் அதே மாநிலம் அடுத்தடுத்து இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, நகரப் பயன்பாட்டு டிஸ்ட்ரிக்ட் சட்டம். அதன் கீழ் 1923இல் ஓக்லண்ட், பெர்க்லி பகுதி மக்கள் வாக்களித்துத் தங்களுக்கென ஒரு டிஸ்ட்ரிக்ட் அமைத்தார்கள். மொகலம்னி ஆற்றில் அணை கட்டி, 1929இல் சியரா நெவாடா மலைத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1928இல் தனியார் தண்ணீர்க் கம்பெனியையும் வாங்கிவிட்டார்கள். இங்கே ஆளுக்கொரு வாக்கு. மற்றது, நீர்த்தேக்க டிஸ்ட்ரிக்ட் சட்டம். இதில் நில மதிப்பில் 100 டாலருக்கு ஒரு வாக்கு. அதே மாநிலம், அதே ஆண்டு, 'உள்ளூர்' என்ற அதே சொல். ஒன்றில் அது மனிதரைக் குறித்தது, மற்றதில் சொத்தை.

இந்தச் சொத்து வாக்கு எதுவரை போகும் என்பதைத் துலாரே ஏரிப் படுகையில் பார்க்கலாம். யோக்கட்ஸ் பழங்குடியினர் வாழ்ந்த பெரும் நன்னீர் ஏரி அது. வற்றவைத்துப் பருத்திக் காடாக்கினார்கள். அங்கே அமைந்த டிஸ்ட்ரிக்ட் 1,93,000 ஏக்கர். குடியிருந்தவர்கள் 77 பேர், அதில் 18 குழந்தைகள். பெரும்பாலும் பண்ணைகளின் வேலைக்காரர்கள். 85 சதவீத நிலம் நான்கு கம்பெனிகள் வசம். 80 ஏக்கருக்கு மேற்படாத சிறு உடைமையாளர் 189 பேருக்குமாகச் சேர்த்து 2.34 சதவீதம். பாஸ்வெல் கம்பெனி ஒன்றுக்கு மட்டும் 37,825 வாக்குகள். இயக்குநர் குழுவில் பெரும்பான்மையைப் பிடிக்க அது போதும்.

1969இல் வெள்ளம் வந்தது. அதை பியூனா விஸ்டா ஏரிப் படுகைக்குத் திருப்பிவிடலாம் என்ற தீர்மானத்தை இயக்குநர்கள் ஆறுக்கு நான்கு என்று ஒத்திப்போட்டார்கள். அந்தப் படுகையில் பாஸ்வெல்லுக்கு நீண்டகாலக் குத்தகை இருந்தது. வெள்ளம் இந்தப் பக்கமே ஏறியது. குத்தகை விவசாயியும் குடியிருப்பாளரும் வழக்குப் போட்டார்கள். அவர்களோடு பாஸ்வெல்லின் போட்டியாளரான இன்னொரு பெரிய கம்பெனியும் சேர்ந்துகொண்டது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் டிஸ்ட்ரிக்ட் பக்கம் நின்றது. இது குறுகிய நோக்கத்துக்கான அமைப்பு, இதன் சுமை நிலத்தின் மீதே விழுகிறது, எனவே நிலமே வாக்களிக்கலாம் என்பது அதன் வாதம். வெள்ளம் நிலத்தை மட்டுமா மூழ்கடிக்கும்? வீட்டுக்குள் தண்ணீர் வந்த மனிதரைப் பற்றிக் கவலைப்பட்டது டக்ளஸின் மாறுபட்ட தீர்ப்புதான். 'நிர்வாகம்', 'தொழில்நுட்பம்' என்று பெயரிட்டுவிட்டால் அரசியலை அங்கிருந்து வெளியேற்றிவிடலாம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

வாக்கு ஒரு பக்கம், எல்லைக்கோடு இன்னொரு பக்கம். துலாரே கவுன்டியின் 1971ஆம் ஆண்டுப் பொதுத் திட்டம் 15 குடியிருப்புகளைப் பிழைக்க வழியற்றவை என்று பட்டியலிட்டது. குடிநீர், கழிவுநீர் வசதி தராமல் விட்டால் தானாகவே தேய்ந்துபோகும் என்பது யோசனை. அதே கவுன்டியில் டூல்வில் என்று ஒரு சிற்றூர், பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பு. ஃப்ரையன்ட்–கெர்ன் கால்வாய் ஊரை ஒட்டி ஓடுகிறது. அந்தத் தண்ணீர் இவர்களுக்கில்லை. தங்கள் சொந்தச் சங்கத்தின் கிணறுகள்தான். அவையும் மாசுபட்டன, வற்றின. பக்கத்து எக்ஸிடர் நகரின் குழாயோடு இணைக்கக் கேட்டபோது 2019இல் நகரமன்றம் மறுத்துவிட்டது. 2021இல் மாநிலச் சட்டம் ஒன்று வந்து நெருக்கிய பிறகு 2022இல்தான் இணங்கியது. உள்ளூர்க் கட்டுப்பாடு என்று நாம் போற்றுவது டூல்வில்லிடம் இருக்கத்தான் செய்தது. தண்ணீர்தான் இல்லை. ஏழைகளிடம் நிர்வாகத்தை மட்டும் ஒப்படைத்து வளத்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துக்கொள்வதற்குப் பெயர் அதிகாரப் பரவல் அல்ல, கைகழுவல்.

ஊர் வேறு சேரி வேறு என்று கிணற்றையே இரண்டாக்கிய நமக்கு இது புதிய பாடமல்ல. உத்திரமேரூர் வாரியங்களில் இடம்பெற, இறை கட்டும் கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிராமணர்களின் சபை. குடவோலையைப் பேசிப் பூரிப்பவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுப் பாசன மேலாண்மைச் சட்டமும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்குரிமையை நிலவுடைமையாளருக்கே கொடுத்தது. நடவு நடும் பெண்ணும் ஏரியில் மீன் பிடிப்பவரும் மாடு கழுவுபவரும் நீரைப் பயன்படுத்துவோர் இல்லையாம்!

உள்ளூர் அமைப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். தனியார் கம்பெனியின் பிடியிலிருந்து ஓக்லண்ட் மீண்டது அப்படியொரு அமைப்பால்தான். ஆனால் தண்ணீரை மக்களிடம் கொடு என்று அடுத்த துண்டறிக்கை எழுதும் தோழர்கள் மூன்று கேள்விகளையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். கோட்டை யார் போடுகிறார்கள்? கோட்டுக்குள் யாருக்கு வாக்கு? கோட்டுக்கு வெளியே நிற்பவர் எந்தக் குழாயில் குடம் வைப்பார்?