காவிரிக்கரைச் செப்புத் திருமேனிகளும் கலைப்பொருள் திரட்டும்

பேராறுகளின் கரைகளிலே மக்கள் வாழ்வு தழைத்தது. வாழ்வு தழைத்தவிடத்தே கலையுந் தழைத்தது. அவ்வாறு தழைத்த கலைச்செல்வங்களைப் பிற்காலத்தார் தேடித் திரட்டுவதும் உலகெங்கும் நிகழ்ந்துவருவதே. இத்திரட்டுமுயற்சி அழிவினின்றும் பல பொருள்களைக் காத்தது. பல பொருள்களை அவற்றின் இடத்தினின்றும் பெயர்த்து ஊமையாக்கியும் விட்டது. இவ்விரு விளைவுகளையும் ஒருங்கே ஆராய்தற்குக் காவிரிக்கரையிற் பிறந்த செப்புத் திருமேனிகளின் வரலாற்றினும் சிறந்த சான்று வேறு காண்டல் அரிது.

குடகு மலையிலே தலைக்காவிரியில் தோன்றும் காவிரி ஏறத்தாழ 800 கிலோமீற்றர் ஓடிப் பூம்புகாரிற் கடலோடு கலக்கின்றது. திருச்சிராப்பள்ளியை அடுத்துக் கொள்ளிடமாகவும், பின்னர் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு முதலிய கிளைகளாகவும் பிரிந்து அது பரப்பிய வண்டலே சோழவளநாடு. அந்நாட்டின் நெல்வளமே கோயில்களை எழுப்பிற்று. கோயில்களே திருமேனிகளை வேண்டி நின்றன. கருவறையிலுள்ள கற்படிமம் அசையாதது. விழாக்காலத்தில் இறைவன் வீதியில் எழுந்தருள வேண்டுமாயின், தோளிலே தாங்கத்தக்க உலாத்திருமேனி வேண்டும். செப்புப் படிமக்கலை சோழர் காலத்திற் பேருருவெடுத்தமைக்கு இத்தேவையே தலையாய காரணமாகும்.

படிமம் வார்க்கும் முறையும் ஆற்றோடு தொடர்புடையது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயுங் கலந்து முதலில் உருவத்தைச் சமைப்பர். அதன்மேல் ஆற்று வண்டலின் நுண்ணிய மண்ணை மெல்லிதாகப் பூசி, அது காய்ந்தபின் பருமண் பூசிக் கம்பியாற் கட்டுவர். பின்னர்ச் சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அது நீங்கிய வெற்றிடத்தே உலோகத்தை வார்ப்பர். உலோகம் ஆறியதும் மண்ணச்சை உடைத்துத் திருமேனியை வெளியே எடுப்பர். ஓரச்சினின்றும் ஒரு படிமமே பிறக்கும். அச்சு மீண்டும் பயன்படாது. ஆகவே எத்துணைத் திறமையோடு போலி செய்யினும், மூலத்துக்கும் அதற்கும் எங்கேனும் வேறுபாடு இருந்தே தீரும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையிலே தபதியர் இன்றும் காவிரி வண்டலைக் கொண்டே இத்தொழிலை இயற்றிவருகின்றனர்.

மண்ணை ஆறு தந்தது. செம்பை அது தரவில்லை. காவிரிச் சமவெளியிற் செப்புக்கனி இல்லாமையால், இத்துணைச் செம்பு எங்கிருந்து வந்தது என்பது ஆராய்ச்சிக்குரிய வினாவாகும். கடல்வழி வணிகம் ஒரு விடை. நம் நாட்டிலே திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவிலுள்ள செப்புப் படிவுகளும் ஒரு மூலமாயிருந்திருக்கலாம் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். இக்கருத்து இன்னும் முடிந்த முடிபன்று.

இனி, இத்திருமேனிகள் எவ்வாறு பதிவுசெய்யப்பட்டன என்பதை நோக்குவாம். 1010 ஆம் ஆண்டிலே நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுக்கள், முதலாம் இராசராசனும், அவன் தமக்கை குந்தவையாரும், தேவியரும், அதிகாரிகளும் அளித்த 66 படிமங்களைக் குறிப்பிடுகின்றன. வெறும் பெயரளவிற் குறித்தமையவில்லை. திருவடி முதல் திருமுடி வரை உயரம் எத்துணை முழம், எத்துணை விரல், எத்துணைத் தோரை; திருக்கரங்கள் எத்தனை; பதுமமும் பீடமும் பிரபையும் எவ்வளவின; அணிகலன்கள் யாவை என யாவுங் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. அப்படிமங்களுட் பெரும்பாலானவை இன்றில்லை. அவற்றின் விவரமோ இன்றும் உள்ளது. பொருளைக் காத்தற்கு முதல்வழி அதனை உள்ளவாறு எழுதிவைத்தல் என்பதைச் சோழர் நன்கு உணர்ந்திருந்தனர் போலும்.

1311 ஆம் ஆண்டிலே மாலிக் கபூரின் படை தென்னாட்டிற் புகுந்தது. அதன்பின்னும் படையெடுப்புக்களும் குழப்பங்களும் தொடர்ந்தன. உலோகத்தை உருக்கிவிடுவர் என அஞ்சிய கோயிலார், திருமேனிகளை நிலத்தடியிலே மணல் பரப்பிப் புதைத்தனர். சிலவற்றை அறைகளில் வைத்துச் சுவரெழுப்பி மூடினர். புதைத்தவர் மாண்டனர், புதைத்த இடமும் மறந்தது. இற்றைக்கு நாம் காணும் சிறந்த சோழப் படிமங்கள் பல, உழுகின்ற கொழுமுனையிலும் தோண்டுகின்ற மண்வெட்டியிலும் தட்டுப்பட்டு வெளிவந்தவையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அவை ஒவ்வொன்றாக வெளிப்படலாயின. இராசராசன் காலத்திற் கடாரத்தரசன் எடுப்பித்த சூடாமணி விகாரம் நின்ற நாகபட்டினத்திலே, 1856 முதல் 1930களின் நடுப்பகுதி வரை 350க்கு மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. 1851 இல் நிறுவப்பட்ட சென்னை அரசினர் நூதனசாலை அவற்றுட் பலவற்றைப் பெற்றுப் பேணிற்று. அந்நூதனசாலையிலுள்ள இந்து உலோகப் படிமங்களின் விவரப் பட்டியலைக் கிரேவ்லியும் தி. நா. இராமச்சந்திரனும் 1932 இல் வெளியிட்டனர். இதனோடு வைத்தெண்ணத்தக்கது 1951 இல் நிறுவப்பட்ட தஞ்சைக் கலைக்கூடம். திருவெண்காட்டிலே நிலத்தடியிலிருந்து கிடைத்த இடபவாகனதேவரும் தேவியாரும் அங்கே வைக்கப்பெற்றுள்ளனர். திருவெண்காட்டுக் கோயிற் கல்வெட்டுக்களின் துணையால் இறைவன் திருமேனி 1011 ஆம் ஆண்டைச் சார்ந்ததென்றும், தேவியின் திருமேனி அதற்கடுத்த ஆண்டைச் சார்ந்ததென்றும் துணியப்பட்டுள்ளன. கிடைத்த இடம் தெரிந்தமையாலன்றோ கல்வெட்டையும் படிமத்தையும் இணைக்க முடிந்தது? இடமறியாத ஒரு படிமத்துக்கு இத்துணைத் தெளிவாக ஆண்டு கூறுதல் இயலாது.

இக்காலத்திலேயே இப்படிமங்களின் பெருமையை மேனாட்டாரும் உணரத் தலைப்பட்டனர். கொழும்பிலே 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1912 இல் ‘சித்தாந்த தீபிகை’யில் சிவன் ஆடலைப்பற்றி எழுதிய கட்டுரை, 1918 இல் நூல்வடிவிலும் வெளிவந்து உலகறிந்ததாயிற்று. 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய அவர், கலைப்பொருளின் கருத்தறியாது அதன் வடிவை மட்டுங் கண்டு களித்தல் போதாதென்பதை வற்புறுத்திவந்தார். பிரான்சியச் சிற்பி உரொடன், சென்னை நூதனசாலைக் கூத்தப்பெருமானின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்தெழுதிய கட்டுரையும் 1921 இல் வெளியாயிற்று. பெருமை பரவப்பரவ விலையும் ஏறிற்று. விலை ஏறவேறக் களவும் பெருகிற்று.

சட்டமும் இதற்கு ஓரளவு இடந்தந்தது எனலாம். 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம், பத்து ரூபாவுக்கு மேற்பட்ட புதையல் எதனையும் கண்டெடுத்தோர் மாவட்ட ஆட்சியாளருக்கு அறிவிக்கவேண்டுமென விதித்தது. அரசு அதனை எடுத்துக்கொள்ளின், அப்பொருளிலுள்ள மூலப்பொருளின் விலையும் அதன்மேல் ஐந்திலொரு பங்குங் கொடுக்கும். செம்பின் எடைக்கு விலை தருவது சட்டம். கலைக்கு விலை தருவான் வணிகன். ஏழை உழவன் ஒருவன் எதனை நாடுவான் என்பது சொல்லாமலே விளங்கும்.

சிவபுரத்து நடராசர் வரலாறு இதனினும் வேறுவகையது. கும்பகோணத்தை அடுத்த அவ்வூரில் 1951 இல் ஒரு குத்தகை உழவர் ஆறு படிமங்களைக் கண்டெடுத்தார். அவை முறைப்படி கோயிலைச் சேர்ந்தன. பின்னர்ப் பழுதுபார்த்தற்காக வெளியே அனுப்பப்பட்டபோது, மூலங்கள் மறைந்து போலிகள் மீண்டன. ஊரார் போலியையே வணங்கிவந்தனர். பிரித்தானிய நூதனசாலையைச் சார்ந்த டக்ளஸ் பரற் 1965 இல் வெளியிட்ட முற்காலச் சோழப் படிமங்கள் பற்றிய நூலிலே, கோயிலிலிருப்பது போலி என்பதைச் சுட்டினார். மூலத்தை 1973 இல் அமெரிக்கச் செல்வரான நோட்டன் சைமன் ஒன்பது இலட்சம் டொலர் கொடுத்து வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுக்கவே, 1976 இல் உடன்பாடு ஏற்பட்டது. பத்தாண்டு அங்கே காட்சிக்கிருந்தபின் 1986 இல் திருமேனி இந்தியாவுக்கு மீண்டது.

பத்தூர் நடராசர் வழக்கு இதனினும் வியத்தகுவது. பாழடைந்த ஒரு சோழர்காலக் கோயிலருகே 1976 இல் ஒரு கூலியாளர் கண்டெடுத்த அத்திருமேனி, கைம்மாறிக் கைம்மாறி இலண்டனை அடைந்தது. 1982 இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை வாங்கிற்று. செப்பனிடுதற்காகப் பிரித்தானிய நூதனசாலையிலிருந்தபோது பொலிசார் அதனைக் கைப்பற்றினர். வழக்கு இலண்டன் உயர்நீதிமன்றுக்கு வந்தது. இலண்டனிலிருந்த திருமேனி பத்தூரிலிருந்து போனதே என்று மெய்ப்பிப்பது எவ்வாறு? அவ்வூரிலே பின்னர்க் கிடைத்த ஏனைய படிமங்களோடு இதன் உலோகமும், ஒட்டியிருந்த மண்ணும், கறையான் புற்றின் தடமும் ஒப்பிடப்பட்டன. கலைப்பாணியைப்பற்றித் தொல்லியலறிஞர் இரா. நாகசாமி சான்று கூறினார். 1988 இல் தீர்ப்பு இந்தியத் தரப்புக்குச் சார்பாயிற்று. 1991 இல் மேன்முறையீட்டு மன்றம் அதனை உறுதிசெய்தது. பூசையொழிந்து இடிந்துகிடந்த கோயிலும் வழக்காடும் உரிமையுடைய ஓர் ஆள் என்பதை ஆங்கில நீதிமன்று ஏற்றுக்கொண்டமை ஈண்டு ஊன்றிக் கவனிக்கற்பாலது. அதே ஆண்டிலே திருமேனி தாயகம் மீண்டது.

1972 இல் இயற்றப்பட்ட தொல்பொருட் சட்டம் 1976 இல் நடைமுறைக்கு வந்து, தனியார் வசமுள்ள படிமங்களையும் பதிவுசெய்ய வகைசெய்தது. ஆயினுங் களவு ஒழியவில்லை. கொள்ளிடத்தை அடுத்த ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசரை அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008 இல் ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கி, உண்மை வெளிப்பட்டபின் 2014 இல் திருப்பியளித்தது. தஞ்சை மாவட்டத்துச் சுந்தரப்பெருமாள்கோயில் என்னும் ஊருக்குரிய திருமங்கையாழ்வார் படிமம் 1967 இல் இலண்டன் ஏலத்தில் விலைபோய் ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் நூதனசாலையை அடைந்தது. அதனைத் திருப்பியளிக்க ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 2024 இல் இசைந்தது.

இவ்விரண்டின் மீட்சிக்கும் துணைநின்றவை ஒளிப்படங்களே. 1955 இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார், அதற்கடுத்த ஆண்டுமுதல் ஊர்தோறுஞ் சென்று கோயில்களையும் படிமங்களையும் படம்பிடித்து, ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்துவைத்தனர். ஆழ்வார் படிமம் 1957 இல் கோயிலினுள்ளேயே இருந்தமையை அவர்தம் படமொன்று காட்டிற்று. அவர்கள் திரட்டியது படிமங்களையன்று. படிமங்களைப் பற்றிய அறிவை. பொருளை எடுத்துச்சென்றவர் திரட்டு இன்று வழக்குமன்றில் நிற்கின்றது; படத்தை எடுத்துச்சென்றவர் திரட்டோ அவ்வழக்கிற்குச் சான்றாக நிற்கின்றது. இராசராசன் கல்லிலே செய்ததை இவர்கள் ஒளிப்படத்திலே செய்தனர் என்று கூறின் மிகையாகாது.

இதனால் நூதனசாலைகள் வேண்டாதன எனக் கொள்ளற்க. மண்ணிலிருந்து வெளிப்பட்டு, காப்பார் எவருமின்றிக் கிடந்த எத்தனையோ படிமங்கள் அவற்றாலேயே உருக்குலையினின்றும் தப்பின. 1907, 1908 ஆம் ஆண்டுகளிலே பொலனறுவைச் சிவாலயச் சூழலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசரும் நாயன்மாரும் கொழும்பு நூதனசாலையிற் பேணப்படுகின்றனர். ஆனந்த குமாரசுவாமி 1914 இல் வெளியிட்ட நூலால் அந்நூதனசாலைப் படிமங்கள் உலகறிந்தனவாயின. சோழர் ஆட்சியோடு காவிரிக்கரைக் கலை கடல்கடந்து வந்தமைக்கு அவை கண்கூடான சான்று. மற்றுமொரு வழியையும் நம் நாடு கண்டுள்ளது. போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தகாலத்திற் புதையுண்டனவெனக் கருதப்படும் திருமேனிகள், 1950 இல் திருகோணமலையிற் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டு, மீண்டும் கோணேசர் கோயிலிற் பூசை பெற்றுவருகின்றன. எவ்வழியாயினும், பொருள் எங்கே கிடைத்தது, எதனோடு கிடைத்தது, யாருக்குரியது என்பன தெளிவாக எழுதப்படுமாயின் அத்திரட்டு அறிவுக்குத் துணையாகும். அவை மறைக்கப்படுமாயின் அது கொள்ளையேயன்றி வேறன்று.

இவ்வுண்மை நமக்குத் தரும் பணியொன்றுண்டு. நம் ஊர்க்கோயில்களிலே பழைய திருமேனிகளும், தீபங்களும், மணிகளும், செப்பேடுகளும், மரவாகனங்களும் உள்ளன. திருப்பணிக்காலங்களிற் பழையது கழிந்து புதியது புகுதல் இயல்பு. பழையது யாதெனக் குறித்துவைப்பாரோ சிலரே. கோயிலாரின் இசைவைப் பெற்று, ஒவ்வொன்றின் அளவையும் அமைப்பையும் எழுத்துக்களையும் குறித்துப் படமெடுத்து வைத்தற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஓர் அளவுநாடாவும், ஒரு குறிப்பேடும், பொறுமையும் போதும். வரலாறு கற்கும் மாணவர் இதனை மேற்கொள்வாராயின், அவர் எழுதிய ஏடு என்றேனும் ஒருநாள் தொலைதூரத்து மன்றொன்றில் அவ்வூர்க் கோயிலின் சார்பிற் சான்று கூறும்.