டிரைப் கண்ட தமிழகம்

காட்பாடி, ரேணிகுண்டா வழியாக வடக்கே செல்லும் நேயர்கள் ஏர்பேடு என்னும் சிறு நிலையத்தைக் கண்டிருக்கக்கூடும். அதனை அடுத்துள்ள திருக்காளத்தியில் 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய இராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. இன்று நிற்பது 2017-இல் குடமுழுக்குக் கண்ட புதுக்கோபுரம். ஏர்பேட்டைச் சூழ்ந்த நிலங்களிலும் ஐ.ஐ.டி. முதலிய உயர்கல்விக் கூடங்கள் எழுந்துவிட்டன. மறைந்த தோற்றங்களைக் காண நாம் நிழற்படங்களையே நாட வேண்டியிருக்கிறது. இத்தேவையை நம் நாட்டில் மிக முன்னரே உணர்ந்து உழைத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர்.

1822-இல் பிறந்த அவர், கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாயிருந்து, பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். 1857-இன் இறுதியில் மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், சில திங்களில் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். மெழுகு தோய்த்த காகிதமே அன்று அவருக்கு ஃபிலிம். ஒளிபட வெகுநேரம் வேண்டியிருந்தமையால், நடமாடும் மக்கள் படத்தில் பதியவில்லை. திருவிழாக் கூட்டத்திற்குப் பெயர்பெற்ற வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. வானம் வெறுமையாய் விழுந்த இடங்களில் மேகத்தை அவரே தூரிகையால் தீட்டினார். படம் பொய் சொல்லாது என்பாரை நாம் முழுதும் நம்ப வேண்டுவதில்லை.

ஆயினும் மதுரைப் படங்களுக்கு ஈடில்லை. திருமலை நாயக்கர் அரண்மனை, 1866-இல் ஆளுநராக வந்த நேப்பியர் பிரபு அதனைப் பழுதுபார்ப்பிக்குமுன் எவ்வாறு சிதைந்திருந்தது என்பதை அவற்றிற் காணலாம். வையையின் தரைப்பாலமும் அக்கரையில் நகரமும் தெரியும் படம் ஒன்றுண்டு. 1959-இல் வைகை அணை திறக்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டு முந்திய ஆறு அது!

தஞ்சையில் அவர் செய்தது இன்னும் அரியது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். ஹூல்ஷ் அக்கல்வெட்டுகளைப் பதிப்பிக்கத் தொடங்கியது 1891-இல்தான்.

இத்துணை உழைப்பும் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஆடம்பரமாகப்பட்டது. 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் சிக்கனம் கருதி வேலையை நிறுத்தச் செய்தார். டிரைப்புக்கு அப்போது வயது நாற்பதுகூட ஆகவில்லை. 1902 வரை வாழ்ந்தும், தமிழகத்தை அவர் மீண்டும் அவ்வாறு படமெடுக்கவே இல்லை.