டிரேஸ்ரூட்டில் நட்சத்திரக் குறிகள்: இணையக் கோளாறு எங்கே என்று கண்டறிவது எப்படி?

கோலாலம்பூர் – இரவு 9 மணி. பிள்ளையின் இயங்கலை வகுப்பு உறைந்து நிற்கிறது. கிள்ளான் லிட்டில் இந்தியா கடையில் கியூஆர் கட்டணம் சுழன்றுகொண்டே இருக்கிறது. சேவை மையத்துக்கு அழைத்தால், "எங்கள் லைனில் பிரச்சினை இல்லை, உங்கள் மோடத்தைப் பாருங்கள்" என்பார்கள். கையில் சான்று இல்லாவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்தச் சான்றைத் தரும் கருவிகள் இரண்டு. மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய பிங், மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும். வான் ஜேக்கப்சன் உருவாக்கிய டிரேஸ்ரூட், வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரையும் வரிசையாகக் காட்டும். அனுப்பும் பொட்டலத்தில் ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். எண் பூஜ்யமானதும் அந்த ரூட்டர் பொட்டலத்தைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு ஓர் அறிவிப்பை அனுப்பும். அறிவிப்பு வராத இடத்தில் நட்சத்திரக் குறி விழும்.

சிக்கல் இங்கேதான். பல நிறுவனங்கள் இந்தச் சோதனைப் பொட்டலங்களைத் தடுக்கின்றன. அதற்குக் காரணமும் உண்டு. 2003 ஆகஸ்டில் பரவிய நாச்சி என்ற கணினிப்புழு, 92 பைட் அளவுள்ள பிங் பொட்டலங்களால் உலகெங்கும் வலையமைப்புகளைத் திணறடித்தது. பலர் அந்த அளவையே தடுத்தார்கள். விண்டோஸின் டிரேசர்ட் கட்டளை அனுப்புவதும் அதே 92 பைட் என்பதால், புழுவுக்குப் போட்ட வேலியில் வாடிக்கையாளரின் சோதனையும் மாட்டிக்கொண்டது.

ஆகவே நட்சத்திரத்தைக் கண்டதும் "இங்கேதான் கோளாறு" என்று முடிவு கட்டக்கூடாது. நடுவில் நட்சத்திரம் விழுந்து கடைசி வரி பதில் தந்தால், அந்த ரூட்டர் பேச மறுக்கிறது, அவ்வளவுதான். ஓரிடத்தில் தொடங்கிய இழப்பு கடைசி வரை நீடித்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கடைசி வரை நட்சத்திரமாக இருந்தும் இணையப்பக்கம் திறந்தால், சோதனை தடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அப்போது நிறுவனம் தடுக்க முடியாத வழியில் சோதிக்கலாம். பாதுகாப்பான இணையப்பக்கங்கள் எல்லாம் 443 என்ற போர்ட்டில் இயங்குகின்றன. அதை அடைத்தால் இணையமே நின்றுவிடும். விண்டோஸ் பவர்ஷெல்லில் உள்ள டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையில் 443-ஐக் குறிப்பிட்டால், இணைப்பு கிடைக்கிறதா என்று தெரியும். லினக்ஸில் டிசிபி முறையிலும் டிரேஸ்ரூட் செய்யலாம். ஆனால் திரும்பி வரும் அறிவிப்புகளையும் நிறுவனம் தடுத்திருந்தால் அதிலும் நட்சத்திரமே விழும்.

இதற்கெல்லாம் முன் மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபர் ஒளி வரவில்லை; மேற்கொண்டு சோதனை தேவையில்லை. விளக்கு சரியாக இருந்தால், வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்து மோடத்தையே பிங் செய்யுங்கள். அதுவே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள். மோடம் சரி, வெளியே மோசம் என்றால், வேறு நிறுவனத்தின் கைப்பேசித் தரவில் அதே பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். பெயரைத் தட்டினால் மட்டும் பக்கம் திறக்கவில்லையா? டிஎன்எஸ் காரணமாக இருக்கலாம். 2024 செப்டம்பரில் டிஎன்எஸ் கோரிக்கைகளை உள்நாட்டு நிறுவனங்களின் சர்வர்களுக்குத் திருப்பும் உத்தரவு, எதிர்ப்புக்குப் பின் சில நாள்களில் கைவிடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

மூன்று இரவுகள் நேரத்துடன் குறித்து, திரைப்படங்களைச் சேமித்து, முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண்ணைப் பெறுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணுடன் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியை 1800-188-030 என்ற தொலைபேசியில் அழைக்கலாம்.