எண்ணுக்கு ஒரு சாட்சி

பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1962-ல் உற்பத்தியைத் தொடங்கியது. கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அங்கே 1981-ல் உருட்டாலை ஓடத் தொடங்கியது. மேட்டூர் அனல் மின் நிலையம் 1987-ல் வந்தது. எங்கள் சீமையில் ஆலைத்தொழில் வளர்ந்த கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. இதே சீமையில் ஓர் ஆலையின் இன்ஸ்ட்ரூமென்ட் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எனக்குச் சொல்ல இன்னொரு வரலாறு இருக்கிறது: இயந்திரம் காட்டிய எண் ஆபீஸ் கணக்குக்குப் போய்ச் சேர்ந்த வரலாறு.

முதலில் அந்த எண்ணைச் சுமந்தது லாக் ஷீட். ஆபரேட்டர் மணிக்கொரு முறை பேனல் முன் நின்று நீராவியின் அழுத்தம், வெப்பம், ஓட்டம் மூன்றையும் குறிப்பார். ஷிஃப்ட் முடிந்ததும் தாள் ஆபீசுக்குப் போகும். கருவி மேல் சந்தேகம் வந்தால் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதுவோம். என் சீனியர் சொல்வார்: “தம்பி, மீட்டர் நின்னுபோச்சுன்னா நின்னுபோச்சுன்னே எழுது. ஏதோ ஒரு நம்பரைப் போட்டு ரொப்பாத.”

அவர் சொன்ன நேர்மை கம்பிக்குள்ளும் இருந்தது. காற்றழுத்தக் குழாய்களில் சிக்னல் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை, பின்னர் மின்கம்பியில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை. சுழியத்தில் தொடங்காததற்குக் காரணம் உண்டு. 4 வந்தால் ஓட்டம் இல்லை என்று பொருள். 0 வந்தால் கம்பி அறுந்திருக்கிறது. வெறுமையையும் பழுதையும் கருவியே பிரித்துச் சொன்னது.

கணினி இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஆலைப் பக்கத்தில், அமெரிக்காவின் போர்ட் ஆர்தர் எண்ணெய் ஆலையில் 1959-லேயே கணினிக் கட்டுப்பாடு தொடங்கிவிட்டது. 1960-களின் இறுதியில், இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. பிறந்தது. கணக்குப் பக்கத்தில் 1972-ல் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. என்ற வணிக மென்பொருள் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒன்று நொடிக்கணக்கில் வாழ்வது, மற்றது மாதக் கணக்கை முடிப்பது. ஒவ்வொரு கம்பெனிக் கருவியோடும் பேசத் தனி மென்பொருள் எழுத வேண்டியிருந்த காலத்தில், 1996-ல் ஓ.பி.சி. என்ற பொது முறை வந்தது. அது ஒவ்வோர் அளவோடும் மூன்று செய்திகளை அனுப்பும்: மதிப்பு, நேரம், அந்த மதிப்பை நம்பலாமா என்ற தரக்குறி. எங்கள் சிவப்பு வட்டம்தான் அந்தத் தரக்குறி! 2000-ல் வந்த ஐ.எஸ்.ஏ.-95 தரநிலை, இயந்திரக் கட்டுப்பாட்டுக்கும் வணிகக் கணக்குக்கும் நடுவில் உற்பத்தி மேலாண்மை என்றொரு படியை வைத்து, எந்தத் தகவல் எங்கே கைமாற வேண்டும் என்று வகுத்தது.

எங்கள் ஆலையில் கருவிகளுக்கும் ஆபீஸ் கணக்குக்கும் இணைப்பு வந்தபோது, ஆபீஸ் அட்டவணையில் மதிப்புக்கு மட்டும் இடம் ஒதுக்கினார்கள். பழுது பார்க்க ஒரு நீராவி மீட்டரைக் கழற்றிய இரவு முழுவதும் பழைய எண்ணே கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. டன்னுக்கு இவ்வளவு நீராவி என்று போட்ட செலவுக் கணக்கு தப்பானது. தேதியிலும் சிக்கல் வந்தது. சி ஷிஃப்ட் இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6-க்கு முடியும். கணக்குத் தேதியோ நள்ளிரவில் மாறிவிடும். ஒரே ஷிஃப்டின் உற்பத்தி இரண்டு நாளாகப் பிளந்தது. தரக்குறிக்கும் ஷிஃப்ட் தேதிக்கும் தனித்தனிப் பத்தி சேர்த்த பிறகே இரு பக்கக் கணக்குகளும் ஒத்துப்போயின.

இன்று நாமக்கல் தீவன ஆலைகளில் மக்காச்சோளமும் சோயாவும் விழும் எடைப்பெட்டியைக் கணக்கு மென்பொருளோடு இணைக்க விரும்பும் முதலாளிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எடை எவ்வளவு வேகமாக வந்து சேரும் என்று கேட்பதற்கு முன், எடைக்கருவி பழுதானால் அது கணக்கில் எந்த இடத்தில் தெரியும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத இணைப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.