மரத் தண்டவாளமும் இரும்பு மரையும்

ஜொகூரின் முதல் ரயில் பாதையை இருப்புப்பாதை என்று கூற இயலாது. அதன் தண்டவாளங்கள் மரத்தாலானவை! மகாராஜா அபு பக்கார் ஆட்சியில், 1869-ஆம் ஆண்டில், ஜொகூர் பாருவிலிருந்து பூலாய் மலையை நோக்கி அப்பாதை போடப்பட்டது. மரம் அருகிலிருந்த காட்டிலேயே கிடைத்தது. ஆயின் அது கறையானுக்கு விருந்தாயிற்று, பாதையும் கைவிடப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் சென்றன. 1909-இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 120 மைலுக்கு இரும்புத் தண்டவாளம் ஓடிற்று. 1923-இல் ரயில் நீரிணையையும் கடந்து சிங்கப்பூரை அடைந்தது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்தேதிகளோடு நின்றுவிடுகின்றன. மரப் பாதை அழிய, இரும்புப் பாதை நிலைத்தது எதனால்?

இரும்பைக் கறையான் அரிக்காது. ஆனால் வெயிலும் அதிர்வும் அதை விடுவதில்லை. வெயிலில் இரும்பு நீளும். ஆதலால் இரு தண்டவாளங்களுக்கு நடுவே சிறிது இடைவெளி விட்டு, இருபுறமும் தகடு வைத்து, திருகாணியும் மரையும் கொண்டு பிணைப்பார்கள். தண்டவாளத்தின் நீளம் 30 அடி, இணைப்புக்கு 4 திருகாணி எனக் கொள்வோம். ஒரு மைலுக்கு 1,408 திருகாணிகள். 120 மைலுக்கு ஏறக்குறைய 1,69,000! வண்டிகள் ஓட ஓட இவை தளரும். தளர்ந்தால் இணைப்பு தொய்யும். அளவு மீறி இறுகினாலோ, நீள வழியின்றித் தண்டவாளம் வளைந்துவிடும். அந்த அளவை அறிந்தது, நீண்ட பிடியுள்ள ஸ்பானரைச் சுமந்து பாதையோரம் நடந்த தொழிலாளியின் கை. மலாயா ரயில்வேயில் அவ்வேலை பார்த்தோருள் மிகப் பலர் தமிழர்.

இயந்திர அடிப்பீடங்களிலும் பெருங் குழாய்களிலும் உள்ள பெரிய மரைகளுக்குக் கைப்பலம் மட்டும் போதாது. அங்கே வேண்டுவது குட்டையான, தடித்த ஸ்பானர். ஒருவன் அதை மரையில் பொருத்திப் பிடிக்க, மற்றொருவன் அதன் முனையைச் சம்மட்டியால் அடிப்பான். அவ்வதிர்ச்சி துருவையும் உடைத்து மரையை அசைக்கும். குறி தவறினால் பிடித்தவன் கை நசுங்கும். அதனால் பிடியில் கயிறு கட்டி விலகி நிற்பதுண்டு. இன்று ஜொகூரின் பெங்கெராங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்துள்ளது. அத்தகைய ஆலைகளில், எரிவாயு சூழ்ந்த இடங்களில், தீப்பொறி பறவாதிருக்கச் செம்புக் கலவையாலான ஸ்பானர்களைக் கையாளுகின்றனர்.

சம்மட்டி அடிக்கு ஒரு குறை உண்டு: மரை எவ்வளவு இறுகிற்று என்பதை அது காட்டாது. அதனால் அளவு காட்டும் கருவிகள் வந்தன. புதிய ரயில் பாதைகளிலோ தண்டவாளங்களைப் பற்றவைத்து, இணைப்புகளையே குறைத்துவிட்டனர். ஆயினும் அக்கருவிகள் வருமுன் அளவுகோலாக இருந்தது உழைப்பாளியின் கையே. மரப் பாதையைக் கறையான் முடித்தது. இரும்புப் பாதையை அக்கை காத்தது. திறப்பு விழாத் தேதிகளோடு இதனையும் எழுதினாலன்றி ஜொகூர் ரயிலின் வரலாறு முழுமை பெறாது.