காட்டுப் பறவைகளும் வைரசு நோய்க் கண்காணிப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

கோழிப் பண்ணையொன்றிற் கொள்ளைநோய் தோன்றியதும் ஐயம் முதலில் வலசைப் பறவைகள் மீதே எழுகின்றது. தொலைதேசத்திலிருந்து அவையே நோயைச் சுமந்து வந்தன என்பது பொதுவழக்கு. இக்கருத்து எத்துணை பொருத்தமானது என்பதை, அப்பறவைகளிடையே வைரசு நோய்களைக் கண்காணிக்கும் முயற்சி வளர்ந்த வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் தகும்.

இவ்வரலாறு வீட்டுக் கோழியிடத்தே தொடங்குகின்றது. 1878இல் வட இத்தாலியிற் கோழிகளை அழித்த கொடிய நோயைப் பெரொன்சிற்றோ என்னும் அறிஞர் விவரித்தார். அந்நோயை விளைவிக்கும் வைரசு இன்புளுவென்சா ஏ வகையைச் சார்ந்தது என்பதை 1955இல் ஜேர்மனிய அறிஞர் ஷேபர் நிறுவினார். 1961இல் தென்னாபிரிக்கக் கடற்கரையில் ஆலாப் பறவைகள் பெருந்தொகையாக மடிந்தன. அவற்றிலிருந்து பெறப்பட்டதே காட்டுப் பறவைகளிற் கண்டறியப்பட்ட முதலாவது இன்புளுவென்சா வைரசாகும்.

ஆயினும், இறந்த பறவைகளை மட்டும் ஆராய்வதால் முழு உண்மையும் புலப்படாது. இதனை உணர்ந்தவர்கள் கிறேம் லேவரும் றொபேட் வெப்ஸ்ரரும் ஆவர். 1960களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியக் கடற்கரையொன்றில் இறந்து கிடந்த கடற்பறவைகளைக் கண்ட இவ்விருவரும், பின்னர் பெருந்தடுப்புப் பவளத்தொடர்த் தீவுகளுக்குச் சென்று, உயிருள்ள பறவைகளிடமிருந்து மாதிரிகளைச் சேகரித்தனர். நலமுடன் காணப்பட்ட பறவைகளிடத்தும் இன்புளுவென்சாத் தொற்றின் சான்றுகள் கிடைத்தன. 1974இல் கலிபோர்னியாவின் காட்டுத் தாராக்களிலும் இவ்வைரசு இருப்பது வெளியிடப்பட்டது. 1976 முதல் கனடாவின் அல்பேட்டா மாகாணத்திலும், 1985 முதல் ஐக்கிய அமெரிக்காவின் டெலவெயர் விரிகுடாவிலும் ஆண்டுதோறும் மாதிரிகள் திரட்டப்பட்டன. தாராவின் குடலில் வைரசு பெருகி, எச்சத்தின் வழியே ஏரிநீரிற் கலக்கின்றது என்பதும், தாராவோ பெரும்பாலும் நோயின் அறிகுறி எதனையும் காட்டுவதில்லை என்பதும் தெளிவாயின.

காட்டுத் தாராவிடம் சாதுவாயிருந்த வைரசு, நெருக்கமாக அடைத்து வளர்க்கப்படும் கோழிகளிடையே பரவும்போதே சிலவேளை கொடிய வடிவம் எய்துகின்றது. 1996இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் வளர்ப்பு வாத்துகளிற் காணப்பட்ட எச்5என்1 வைரசின் வழித்தோன்றல், 1997இல் ஹொங்கொங்கில் 18 பேரைத் தொற்றி அறுவரைப் பலிகொண்டது. 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்துகள் உட்படப் பல்லாயிரம் காட்டுப் பறவைகள் அதே பரம்பரை வைரசால் மடிந்தன. பண்ணையில் உருவான கொடுமை காட்டை வந்தடைந்தது. 2021இன் இறுதியிலிருந்து அது வட, தென் அமெரிக்காக்களுக்குப் பரவி, 2024இல் அந்தாட்டிக்காப் பெருநிலத்தையும் எட்டியது. அழிவின் விளிம்பிலிருந்த கலிபோர்னியாக் கொண்டோர் கழுகுகளுக்கு 2023இல் தடுப்பூசி ஏற்றவேண்டிய நிலையும் உண்டாயிற்று.

காட்டுப் பறவை வைரசின் பழைய உறைவிடம் என்பதும், கொடிய வடிவத்தை அது தொலைவுக்குக் கொண்டு செல்லக்கூடும் என்பதும் மறுக்கற்பாலனவல்ல. ஆனால் அக்கொடுமையின் பிறப்பிடம் பெரும்பாலும் மனிதன் அமைத்த பண்ணையே. எனவே ஏரிக்கரையில் எச்சம் திரட்டுவோர் பண்ணை வாயிலிலும் அதே விழிப்புடன் நிற்றல் வேண்டும். மனிதனையும் அவனது கோழியையும் காக்கும் நோக்குடன் எழுந்த இக்கண்காணிப்பு, பறவையினங்களைக் காக்கும் கடமையாகவும் இன்று விரிந்துள்ளது.