பழுதடையாமலே பயனிழக்கும் கருவிகள்

வாங்கிய பொருள் பழுதடைந்தால் திருத்திக் கொள்ளலாம். எப்பழுதுமற்ற பொருளொன்று, உற்பத்தியாளர் அதனைக் கைவிட்ட காரணத்தினால் மட்டும் பயனற்றுப் போகுமானால் பாவனையாளர் எங்கே சென்று முறையிடுவது?

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலுள்ள கரைத்தீவு போன்ற கிராமங்களில் கையடக்கத் தொலைபேசி இன்று ஆடம்பரப் பொருளன்று. மத்திய கிழக்கில் தொழில் புரியும் உறவினரின் குரற்பதிவும் பிள்ளைகளின் பாடசாலை அறிவித்தலும் வட்ஸ்அப் வழியாகவே வந்து சேர்கின்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபின், புதிய தொலைபேசி வாங்குவது வறிய குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையாகியது. மூத்தவரின் பழைய தொலைபேசி இளையவருக்குக் கைமாறுவது இத்தகைய குடும்பங்களின் வழக்கம்.

இந்நிலையில், 2023 ஒக்டோபர் 24 முதல் அன்ட்ரொய்ட் 5.0 இற்கு முற்பட்ட பதிப்புகளுக்கான ஆதரவை வட்ஸ்அப் நிறுத்தியது. 2025 மே மாதத்தில் ஐஓஎஸ் 15.1 இற்கு முற்பட்ட பதிப்புகளும் கைவிடப்பட்டன. 2014இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 6 இன் இயங்குதளத்தை அதன் உற்பத்தியாளர் 12ஆம் பதிப்புக்கு மேல் உயர்த்தவில்லை. எனவே திரையும் மின்கலமும் நன்றாயிருந்தும் அத்தொலைபேசியில் வட்ஸ்அப் இயங்காது. முதலில் உற்பத்தியாளர் விலக, பின்னர் செயலிகளும் விலகுகின்றன. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்புக் குறைபாடுகள் சீர்செய்யப்படாதிருப்பது மற்றோர் ஆபத்தாகும்.

எந்தவொரு கருவிக்கும் எல்லையற்ற காலத்துக்கு ஆதரவு வழங்குமாறு எவரும் கோரவில்லை. அந்த எல்லை எதுவென்பதை வாங்கும்போதே அறிவிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், 184 பொருட்களுள் 163இன் உற்பத்தியாளர்கள் தமது இணையத்தளங்களில் அக்காலத்தைக் குறிப்பிட்டிருக்கவில்லை. பிரித்தானியாவில் இதனை வெளியிடுவது 2024 ஏப்ரல் 29 முதல் கட்டாயமாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் திறன்பேசிகளுக்கு, அவற்றைச் சந்தைக்கு விடுவது முடிவுற்ற பின்னரும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்படுத்தல் கிடைக்க வேண்டும்.

எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் குறித்து முறையிட இடமளிக்கின்றது. ஆயினும் விற்பனை நடைபெற்று 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஆண்டுகள் கடந்தபின் வெளிப்படும் இக்குறைக்கு அந்த அவகாசம் எவ்விதத்திலும் உதவாது.

அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களின் மீது இடப்படும் விபரங்கள் தொடர்பில் உற்பத்தியாளருக்கும் வர்த்தகருக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அதிகாரசபைக்கு வழங்கியுள்ளது. மருந்துப் பெட்டியில் காலாவதித் திகதி இருப்பது போல, தொலைபேசிப் பெட்டியிலும் ஆதரவு முடிவுறும் திகதி மும்மொழிகளிலும் பொறிக்கப்படுவதற்கு அதிகாரசபை உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும். அதுவரை, பாவித்த தொலைபேசி வாங்குவோர் விலையை விசாரிக்கும் முன்பே அதன் இயங்குதளப் பதிப்பை விசாரிப்பது நன்று.